வண்டியை வெளியே விடலாமா? காலையில் ஷெட்டில் தென்படும் அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

ஐந்து லாரி வைத்திருப்பவருக்கும் ஐம்பது லாரி வைத்திருப்பவருக்கும் காலையில் எழும் கேள்வி ஒன்றுதான். இந்த வண்டியை, இந்த டிரைவரோடு, இந்த லோடுக்கு இப்போது வெளியே விடலாமா? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பல ஷெட்டுகளில் இதற்கான பதிலைப் பழக்கம்தான் சொல்கிறது. நேற்று ஓடியது, அதனால் இன்றும் ஓடும் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு என்றாவது ஒரு நாள் தோப்பூர் கணவாயின் மலை இறக்கத்தில் தப்பாகப் போகிறது.

கேட்டில் நிற்பவர் எந்த அறிகுறியைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். எல்லா அறிகுறிக்கும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: போகலாம், சரிசெய்துவிட்டுப் போகலாம், இன்று வேண்டாம். "பார்த்துப் போப்பா" என்ற நான்காவது பதில் ஒன்று பழக்கத்தில் இருக்கிறது. அது இனி வேண்டாம். சரியில்லை என்று தெரிந்த பிறகு அப்படிச் சொல்வது, பொறுப்பை டிரைவர் தலையில் ஏற்றிவிடுவது.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சாவி யாரிடம் இருக்கும்? லோடு பிடிப்பவரிடம் சாவி இருக்கக் கூடாது. சரக்கு கொடுக்கும் பார்ட்டியிடம் "ஆறு மணிக்கு வண்டி வந்துடும்" என்று வாக்குக் கொடுத்தவரால் ஐந்தே முக்காலுக்கு "வண்டி வராது" என்று சொல்ல முடியாது. வண்டியைப் பார்ப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் முதலாளியும் அதை மாற்றக் கூடாது.

டிரைவர் வந்துவிட்டார், ஆனால் முகம் சரியில்லை

பார்ப்பதை டிரைவரிடமிருந்து தொடங்குங்கள், வண்டி அடுத்தது. சாவியைக் கொடுப்பதற்கு முன்பு ஐந்து நிமிடம் நின்று பேசினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கண் சிவந்திருக்கிறதா, பதில் தாமதமாக வருகிறதா, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாரா, அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா என்று கவனியுங்கள்.

"நல்லா தூங்குனீங்களாண்ணே?" என்று கேட்டால் எல்லோரும் "தூங்குனேன்" என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "நேத்து எத்தனை மணிக்கு வண்டிய விட்டு இறங்குனீங்க? எப்பப் படுத்தீங்க? எப்ப எந்திரிச்சீங்க?" என்று நேரத்தைக் கேளுங்கள், கணக்கை நீங்களே போடுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் மது இருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அனுமதிக்கும் எல்லையே 30 மில்லிகிராம்தான். குடிக்காமலேயே ஒருவர் அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் வண்டி ஓட்ட முடியும் என்பதுதான் இதன் பொருள்.

கடைசி 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக ஆறு மணி நேரமாவது தரையில் படுத்துத் தூங்கவில்லை என்றால் என் பதில் "இன்று வேண்டாம்". குறுகிய டிரிப்தான், வேறு ஆளே இல்லை என்றால் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப் போடுங்கள், அவர் தூங்கட்டும். எழுந்தவுடனே சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குத் தெளிவு வரக் கால் மணியிலிருந்து அரை மணி வரை ஆகும். முகம் கழுவி, டீ குடித்து, ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்த பிறகு போகட்டும். ரெண்டு டிரைவர் வண்டியில் ஒருவர் கேபினில் படுத்தே வந்திருந்தால் அதை முழுத் தூக்கமாக எண்ண வேண்டாம். ஓடும் வண்டியில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் அவரை எழுப்பிவிடுகிறது.

தூக்கக் குறையைப் பெரும்பாலும் டிரைவர் உண்டாக்குவதில்லை. வண்டி அனுப்பும் நேரத்தைப் போட்டவர்தான் உண்டாக்குகிறார். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தி வந்தது; 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1961 சட்டத்தின் பொது விதியாக இருந்தது. ஐந்து மணி நேரம் ஓட்டியதும் குறைந்தது அரை மணி ஓய்வு. நீண்ட தூர ஓட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரத்துக்கு அதில் இடம் இருந்தது என்றாலும், பெங்களூர் போய் இறக்கிவிட்டு அன்றிரவே திரும்பி விடியற்காலையில் அடுத்த லோடுக்கு நிற்பது எந்தக் கணக்கிலும் வராது. விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும். முந்தைய நாள் குறைவாகத் தூங்கியவரை அந்த நேரத்தில் மலைப்பாதையில் நிறுத்துவதுபோல் டைம் போடாதீர்கள்.

நன்றாகத் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறதா? கூடவே பலத்த குறட்டை, கழுத்து பருமன், காலையில் தலைவலி இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். திட்டாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். இதற்கு சிகிச்சை உண்டு. சிகிச்சை எடுத்தவர்கள் பழையபடி ஓட்டுகிறார்கள்.

வாயில் வாடை வருகிறது

வாடையை மட்டும் வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டாதீர்கள். வாடை இல்லை என்பதை வைத்து அனுப்பியும் விடாதீர்கள். ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று ஷெட்டில் இருக்க வேண்டும். கருவி காட்டினால் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்லுங்கள். வாய்க்குள் தங்கியிருந்த மதுவாக இருந்தால் அதற்குள் போய்விடும். இரண்டாம் முறையும் காட்டினால் அன்று வண்டி கிடையாது. சட்டத்தின் எல்லை 30 என்றாலும் ஷெட்டின் எல்லை பூஜ்ஜியமாக இருக்கட்டும்.

ராத்திரி பதினொரு மணி வரை குடித்தவர் காலை ஐந்து மணிக்குத் தெளிவாகத்தான் பேசுவார். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் மதுவைக் குறைக்கிறது. நிறையக் குடித்திருந்தால் ஆறு மணி நேரம் போதவே போதாது. மோர், எலுமிச்சை, குளியல், காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

அப்புறம், அவரைத் திருப்பி அனுப்பும்போது அவருடைய பைக்கில் அனுப்பாதீர்கள். யாராவது கொண்டுபோய் விடட்டும், அல்லது ஷெட்டிலேயே படுத்துத் தூங்கட்டும். லாரி ஓட்டத் தகுதியில்லாதவர் பைக் ஓட்டவும் தகுதியில்லாதவர்தான்.

வியர்க்கிறது, கை நடுங்குகிறது, எரிந்து விழுகிறார்

நாற்பதைத் தாண்டிய டிரைவர்களில் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நிறையப் பேர். மாத்திரையைப் போட்டுவிட்டு "வழியில சாப்பிட்டுக்கறேன்" என்று கிளம்பினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். குடித்தவர்போலக் குழறுவார், கோபப்படுவார், வியர்த்துக் கொட்டும். உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுத்து உட்கார வையுங்கள். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். அளவு சரியாக வந்த பிறகும் முக்கால் மணி நேரமாவது ஓட்டக் கூடாது, அதற்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். கேபினில் எப்போதும் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸ் பொட்டலமோ இருக்கட்டும்.

சளி, காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின் இருக்கும், அது தூக்கத்தை வரவழைக்கும். இந்த மாத்திரை போட்டால் தூக்கம் வருமா என்று மருந்துக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

வீட்டில் சண்டை, கடன்காரர் போன், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்ற நிலையில் வருபவரை என்ன செய்வது? இதற்குக் கருவி இல்லை. உட்கார வைத்துப் பேசுங்கள். "போறேன்" என்று சொல்பவரின் மனம் சாலையில் இருக்குமா என்பது அவரைப் பல வருடமாகப் பார்த்த உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் பக்கத்து ஊர் லோடாக மாற்றிக் கொடுங்கள்.

ஏர் ஏற நேரம் ஆகிறது, அல்லது ஏர் இறங்குகிறது

"பிரேக் கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்குதுங்க" என்று டிரைவர் சொன்னால் அதைவிட முக்கியமான வேலை அன்று காலையில் வேறு இல்லை. லாரி பிரேக் ஏரில், அதாவது காற்றழுத்தத்தில் வேலை செய்வது. பொறுமையாகப் பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏர் மீட்டரின் முள் முழு அளவுக்கு ஏறும் வரை காத்திருங்கள். பெரும்பாலான லாரிகளில் 7, 8 பார் வரை ஏறி, காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் "புஸ்" என்று காற்றைத் தள்ளும். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம், காற்று இழுக்கும் வழி அடைத்திருக்கலாம், அல்லது ஏறும்போதே எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கலாம். டிரையர் தள்ளவே இல்லை என்றாலும் அது பழுதுதான்.

இப்போது இன்ஜினை நிறுத்துங்கள். பெடலைத் தொடாமல் சில நிமிடம் முள்ளைப் பாருங்கள். முள் கண்ணுக்குத் தெரிந்து இறங்கினால் டேங்க், குழாய், வால்வு பக்கம் ஒழுகல். இறங்கவில்லை என்றால் ஒருவர் பெடலை முழுதாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வண்டியைச் சுற்றி வந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஷெட்டில் பாட்டு ஓடினால் அதை நிறுத்துங்கள். பின்சக்கரத்துப் பக்கம் சீறல் கேட்டால் பெரும்பாலும் பிரேக் சேம்பரின் ரப்பர் கிழிந்திருக்கும். பெடலுக்கு அடியில் கேட்டால் வால்வு. இணைப்பில் சந்தேகம் என்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், குமிழி வரும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்ததில் கால் பாருக்கு மேல் இறங்கினால் நான் வண்டியை விடமாட்டேன்.

அடுத்து பெடலை விட்டு விட்டு மிதித்து ஏரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முள் சிவப்புப் பகுதிக்கு வரும்போது விளக்கு எரிய வேண்டும், பஸ்ஸர் அடிக்க வேண்டும். ஏர் குறைந்தால் பூட்டிக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பூட்டுவதற்கு முன்பே அந்த எச்சரிக்கை வர வேண்டும். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று பஸ்ஸர் ஒயரைக் கழற்றிவிட்ட வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வண்டியின் டிரைவருக்கு ஏர் தீர்வது பெடல் வேலை செய்யாதபோதுதான் தெரியும். ஒயரை மாட்டிய பிறகுதான் சாவி.

ஏர் டேங்கின் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நிறைய வந்தால் டிரையரின் வேலை முடிந்துவிட்டது. எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசர் ஆயிலைத் தள்ளுகிறது. இரண்டையும் தள்ளிப் போட்டால் வால்வுகள் ஒவ்வொன்றாகக் கெடும்.

ஏர் நன்றாக இருந்தும் பிரேக் பிடிக்கத் தாமதமா? டிரம்மில் உரசும் லைனரும், லைனர் தேய்வதற்கு ஏற்ப இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரும்தான் அடுத்து பார்க்க வேண்டியவை. தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் வாரா வாரம் ஸ்பேனர் போட்டுத் திருகிக்கொண்டிருந்தால் அது பழுது நீக்கம் ஆகாது. அட்ஜஸ்டரோ, அதைச் சுற்றியுள்ள புஷ், லைனர், டிரம்மில் ஏதோ ஒன்றோ கெட்டிருக்கிறது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் வரை வண்டி நிற்கட்டும். கடைசியாக, ஷெட்டுக்குள்ளேயே நடை வேகத்தில் ஓட்டிப் பிரேக் போட்டுப் பாருங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு முதல் கியரில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். நகர்ந்தால் அனுப்பாதீர்கள்.

பிரேக் நன்றாக இருந்தும் மலையில் போய்விடுவது ஏன்? தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தோப்பூர் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளில் அடிக்கடி பேசப்படுவது நியூட்ரல். டீசல் மிச்சம் என்று கியரை எடுத்துவிட்டு உருட்டுகிறார்கள். உண்மையில் மிச்சமே இல்லை. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செல்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிகிறது. இன்ஜின் இழுத்துப் பிடிக்காததால் மொத்த பாரமும் டிரம் மேல் விழுகிறது, டிரம் சூடேறிப் பிடிப்பு போகிறது. மலை வழியாகப் போகும் டிரைவரிடம் கேட்டிலேயே கேளுங்கள்: "எந்தக் கியர்ல இறங்குவீங்க? எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யுதா?" டீசல் மைலேஜுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் முதலாளிகள், தாங்கள் கொடுக்கும் பணம் இந்தப் பழக்கத்தை வளர்க்கிறதா என்று யோசித்தே ஆக வேண்டும்.

திம்பம் வழி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. மாலை 6 முதல் காலை 6 வரை லாரிகளுக்குத் தடை. பண்ணாரி சோதனைச் சாவடிக்கு மாலை ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேரும்படி கிளம்ப வைத்தால், டிரைவர் வழியெல்லாம் விரட்டித்தான் ஓட்டுவார்.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

ஒரு பக்கத்து லைனரில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஹப் சீல் போய் உள்ளே கிரீஸ் ஒழுகுகிறதா என்று சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். முன் டயர்கள் இரண்டிலும் காற்று ஒரே அளவா, பட்டாவில் (ஸ்பிரிங் தகட்டில்) வெடிப்பு உண்டா, மையப் போல்ட் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காற்று சரிசெய்தும் இழுத்தால் வண்டி நிற்க வேண்டியதுதான். மழை நாளில் இந்த இழுப்பே வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும்.

டயரில் தட்டினால் சத்தம் மாறுகிறது

ராடால் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் முழுக்கக் காற்று போன டயரைத்தான் அது காட்டிக் கொடுக்கும். பாதி போனதைக் காட்டாது. டயர் ஆறியிருக்கும்போது கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரட்டைச் சக்கரத்தின் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை, பழுது தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். உள் டயரில் காற்று குறைந்தால் வெளி டயர் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது, இரண்டுமே சூடேறுகின்றன, கடைசியில் வெளி டயர் வெடிக்கிறது.

சொன்ன அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்து ஓடிய டயரை "காத்து அடிச்சா போதும்" என்று விடாதீர்கள். பக்கச் சுவரின் உள்ளே இருக்கும் கம்பிகள் மடங்கி நைந்திருக்கும். காற்று ஏற்றும்போதே பக்கவாட்டில் கிழிந்து வெடித்து, பக்கத்தில் நிற்பவரின் உயிரை எடுத்துவிடும். கழற்றி, உள்ளே பார்த்து, கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று ஏற்ற வேண்டும். ஓடி வந்த சூட்டில் காற்று கூடுதலாகத் தெரிகிறது என்று இறக்கிவிடுவதும் தவறு, ஆறியதும் அது குறைந்துபோகும்.

பட்டன் (டயரின் மேற்புறப் பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே டயர் முடிந்தது. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுங்கள். முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் (பழைய டயருக்குப் புது மேல்ரப்பர் ஒட்டியது) போடாதீர்கள், பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஒரே அச்சில் ரேடியலையும் நைலானையும் கலக்காதீர்கள்.

வீல் நட்டிலிருந்து துருக் கோடு கீழே வழிந்திருந்தால் அந்த நட் தளர்ந்திருக்கிறது. டயர் மாற்றிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். நேற்று பஞ்சர் போட்டு வந்த வண்டியில் இதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

வண்டி நின்ற இடத்தில் ஒழுகல்

வண்டியை நகர்த்திய பிறகு தரையைப் பாருங்கள். பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் இருந்தால் கூலண்ட். கறுப்பு இன்ஜின் ஆயில். சிவப்பு பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில், அதோடு வண்டியை விடவே கூடாது, வளைவில் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். டீசல் வாடையே சொல்லிவிடும். சின்ன வண்டிகளில் சக்கரத்தின் உள்பக்கம் தெளிந்த மஞ்சள் ஈரம் என்றால் பிரேக் ஆயில், அதற்கும் பதில் "இன்று வேண்டாம்". பி.எஸ்.6 வண்டியில் குழாய் இணைப்பில் வெள்ளை உப்பு படிந்திருந்தால், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல் கசிகிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

செல்ஃப் எடுக்கவில்லை, விளக்கு எரியவில்லை

தள்ளி ஸ்டார்ட் செய்து அனுப்பினால் வழியில் எங்காவது இன்ஜின் நின்று, இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் வண்டி நிற்கும். பின்னால் வருபவர்களுக்குத்தான் அது ஆபத்து. பேட்டரி முனை, பெல்ட், ஆல்டர்னேட்டர் பார்த்த பிறகு விடுங்கள். பிரேக் விளக்கும் பின் விளக்கும் எரியாத வண்டி பகலிலும் போகக் கூடாது. பிரதிபலிப்பு நாடா முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள். சேறு படிந்திருந்தால் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. எச்சரிக்கை முக்கோணம் கேபினில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டேஷில் மஞ்சள் விளக்கு, வண்டி இழுக்கவில்லை

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் யூரியாக் கரைசல் தீர்ந்தாலோ தரம் குறைந்தாலோ இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் லோடோடு அது நடந்தால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆபத்து. டேங்கில் அளவு பாருங்கள், சீல் உடையாத கேன் மட்டும் ஊற்றுங்கள், தண்ணீர் கலக்காதீர்கள். சிவப்பு விளக்கு எதுவானாலும் வண்டி நிற்கட்டும். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) விளக்கு எரிந்தபடியே இருந்தால் அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள்.

லோடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் லேசாக இருக்கிறது

பின்னால் அதிகம் ஏற்றினால் முன் சக்கரத்தின் பிடிப்பு குறையும், ஸ்டீயரிங் லேசாகத் தெரியும். கயிற்றை இறுக்கினால் இது தீராது, லோடைத்தான் மாற்ற வேண்டும். தீவன மூட்டையானாலும் முட்டைத் தட்டானாலும் கனமானது கீழே, அச்சுகளுக்கு நடுவே. பாதி நிறைந்த டேங்கர் வளைவில் முழு டேங்கரைவிட மோசம், திரவம் ஒரு பக்கமாக அலைந்து வண்டியைத் தள்ளும். லோடு மேல் ஆள் ஏற்றக் கூடாது. முதல் 20, 30 கிலோமீட்டரில் நிறுத்திக் கயிறும் தார்ப்பாயும் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

எடையை கேட்டில் கண்ணால் மதிப்பிட முடியாது. எடை மேடைச் சீட்டை வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி, அதோடு கூடுதல் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும். எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. அபராதத்தைவிடப் பெரிய விஷயம், மேலே சொன்ன பிரேக்கும் டயரும் அந்த மொத்த எடைக்காகத்தான் கணக்கிட்டுச் செய்யப்பட்டிருக்கின்றன. பார்ட்டி "ரெண்டு டன்தானே" என்று சொன்னால் முடியாது என்று சொல்ல வேண்டியவர் முதலாளி. அதை டிரைவர் தலையில் விடாதீர்கள்.

வண்டி நன்றாக இருக்கிறது, காகிதம் சரியில்லை

எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்த வண்டி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி பதிவு செய்யாத வண்டிக்குச் சமம். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். தேதியைக் கிளம்பும் நாளுக்கு மட்டும் பார்க்காதீர்கள், வண்டி திரும்பி வரும் நாளுக்கும் பாருங்கள். இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

லைசென்ஸில் ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதனால் சின்ன யானை ஓட்டும் தம்பிக்குத் தனி முத்திரை தேவையில்லை. அதே தம்பியை 7,500 கிலோவைத் தாண்டிய லாரியில் ஏற்றினால் மட்டும் அது வேறு கதை. எரிவாயு, ரசாயனம் ஏற்றும் டேங்கருக்கு அபாயகரச் சரக்குப் பயிற்சி முத்திரை செல்லுபடியாகும் தேதியில் இருக்க வேண்டும். காகிதங்களை டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் காட்டினால் போதும், அசல் கேபினில் இருக்க வேண்டியதில்லை.

இ-வே பில்லுக்கு (சரக்கு கொண்டு செல்ல ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கு. அதை டிரைவரின் ஓய்வோடு சேர்த்துப் பாருங்கள். பில் முடியப் போகிறது என்று ராத்திரி முழுக்க ஓட்டுபவர்கள் உண்டு. முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ, முடிந்து 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். "நீங்க படுங்க, நான் நீட்டிச்சுடறேன்" என்று ஆபீஸிலிருந்து ஒரு போன் போனால் போதும். வண்டியை மாற்றினால் இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் (பார்ட்-பி) புது நம்பரைப் போட மறக்காதீர்கள்.

கடைசி நேரத்தில் வண்டியோ டிரைவரோ மாறுகிறார்

ஒரு வண்டி நின்றுவிட்டது, லோடு காத்திருக்கிறது, மூலையில் நிற்கும் இன்னொரு வண்டியை அவசரமாக எடுக்கிறார்கள். மேலே சொன்ன எதையும் பார்க்காமல் வண்டி கிளம்புவது இந்த மாதிரி நேரத்தில்தான். மாற்று வண்டிக்கும் முழுச் சோதனை உண்டு. டிரைவருக்கு அந்த மாடல் பழக்கமா? கியர் பேட்டர்ன், எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச், ரிவர்ஸ் எல்லாம் ஷெட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டும். அந்த வண்டியை முன்பு ஓட்டியவர் பக்கத்தில் இருந்தால், அதன் குணத்தை வாயால் சொல்லி ஒப்படைக்கட்டும்.

ஒரே வண்டி, ஒரே புகார், திரும்பத் திரும்ப

புகார் நோட்டைப் புரட்டுங்கள். "பிரேக் அட்ஜஸ்ட் செய்தது" என்று மாதத்தில் பல முறை எழுதியிருந்தால் சரிசெய்யப்படாத பழுது ஒன்று உள்ளே இருக்கிறது. மெக்கானிக் என்ன செய்தார், எந்தப் பாகம் மாற்றினார், யார் ஓட்டிப் பார்த்தார் என்று மூன்றும் நோட்டில் இருக்க வேண்டும்.

எந்த டிரைவரும் எந்தப் புகாரும் எழுதாத நோட்டு இதைவிடக் கவலைக்குரியது. எழுதினால் வண்டி நிற்கும், நின்றால் பேட்டா போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பழுது சொல்லி வண்டி நின்ற நாளுக்கும் பேட்டா கொடுங்கள். உடம்பு சரியில்லை என்று தானே முன்வந்து சொன்னவருக்கு அடுத்த டிரிப்பில் முதல் இடம் கொடுங்கள். சிலர் இதைப் பயன்படுத்திச் சும்மா இருப்பார்கள் என்று முதலாளிகள் பயப்படுகிறார்கள். நோட்டில் அதுவும் தெரிந்துவிடும், அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அதற்காக மற்ற எல்லோரையும் ஊமையாக்கிவிட வேண்டியதில்லை.

காலை அவசரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. மாலை வண்டி உள்ளே வந்ததும், டிரைவர் இறங்கி வீட்டுக்குப் போவதற்கு முன்பே புகாரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தெரிந்த ஏர் லீக்குக்கு மெக்கானிக்கும் கிடைப்பார், சேம்பர் ரப்பரும் கிடைக்கும். அதே லீக் காலை ஐந்தரைக்குத் தெரிந்தால் இரண்டும் கிடைக்காது, பார்ட்டியின் போன்தான் வரும்.

புகார் எழுதிய வண்டியின் சாவியைப் பலகையில் மாட்டாமல் தனியாக எடுத்து வையுங்கள். வேலை முடிந்து நோட்டில் கையெழுத்து விழுந்த பிறகு பலகைக்குப் போகட்டும்.